நெறிகட்டி எடுத்தபின் தூக்க முடியாமல் போன தோள்: பதினோராவது மூளை நரம்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கழுத்து, தோள், முட்டி வலிக்காரர்கள்தான். அதனால் "ஃப்ரோசன் ஷோல்டர், பிசியோ கொடுக்கவும்" என்று எழுதிய சீட்டைப் பார்த்து யாரும் நின்று யோசிப்பதில்லை. அப்படியொரு சீட்டோடு வந்தவரின் கதை இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், சரியான வயது, மருத்துவமனைகள் எதையும் சொல்லப் போவதில்லை.

வந்தவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். இருபதுகளில் இருப்பவர், வலது கைக்காரர், சர்க்கரை கிடையாது, தோளில் அடிபட்டதும் கிடையாது. சீட்டில் எனக்கு முதலில் இடித்தது இதுதான். ஃப்ரோசன் ஷோல்டர் என்பது தோள் மூட்டு இறுகிப்போகும் நோய், பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் வருவது, சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் பார்ப்பது. இருபதுகளில் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயரை ஒட்டுவதற்கு முன்னால் வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று பார்த்துவிடுவது நல்லது.

எங்களிடம் வருவதற்கு முன்

அவர் கழுத்தின் வலப்பக்கம் நெறி கட்டியிருந்தது. முதலில் சொத்தைப்பல்லால் வந்திருக்கும் என்றார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கரையவில்லை, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், எடையும் குறைந்தது. ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, கட்டியை முழுதாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். முடிவில் காசநோய் என்று வந்தது. அரசு சுகாதார நிலையத்தில் இலவச மாத்திரைகளை ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் என்று வழக்கமான முறைதான். காசநோயைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காய்ச்சல் நின்றது, பசி திரும்பியது.

தோள் மட்டும் சரியில்லை. தையல் பிரிக்கிற சமயத்திலேயே வலது தோளிலிருந்து முதுகுவரை ஒரு கனத்த வலி இருந்திருக்கிறது. "தையல் போட்ட இடம், கொஞ்ச நாள் இழுக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. அப்புறம் ஓர் இடத்தில் கழுத்து எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் என்றார்கள் (இந்த வயதில்!). இன்னோர் இடத்தில் தோளுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தார்கள், அது நார்மல். மாத்திரையின் பலவீனம் என்று சொன்னவர்களும் உண்டு. தைலம் போட்டு நீவிவிடச் சொன்ன உறவினர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியாகப் பார்த்த எலும்பு மருத்துவர்தான் எங்களிடம் அனுப்பியவர். கட்டி எடுத்து அப்போது ஏறத்தாழ பத்து வாரம் ஆகியிருந்தது.

இத்தனை பேர் பார்த்தும் கழுத்திலிருந்த தழும்பையும் தோளையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இதில் பெரிய ஆச்சரியமும் இல்லை. தழும்பு டி.பி. கணக்கில் எழுதப்பட்டிருந்தது, தோள் எலும்புக் கணக்கில்.

நாங்கள் பார்த்தது

"மேடம், ரோலரைப் பிடிச்சு மேல கொண்டுபோகவே முடியல, கை பாதியிலயே நின்னுடுது" என்றார். சட்டையையும் பனியனையும் கழற்றச் சொன்னேன். காலரை மட்டும் விலக்கிப் பார்த்தால் போதும் என்று அவரும் நினைத்தார், எங்கள் பயிற்சி மாணவியும் நினைத்தார். முதுகுப் பக்கம் நின்று பார்த்தபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. வலது தோள் கீழே இறங்கியிருந்தது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் அந்தச் சரிவில் இடப்பக்கம் சதை மேடாக இருக்க, வலப்பக்கம் தட்டையாகிக் குழி விழுந்திருந்தது. தோள்பட்டை எலும்பு கீழேயும் வெளிப்புறமாகவும் நகர்ந்திருந்தது.

அடுத்து, அவரைக் கையைத் தளரவிடச் சொல்லி நானே தூக்கிப் பார்த்தேன். முழுசாகப் போனது. வெளிப்புறமாகத் திருப்பினாலும் முழுசாகத் திரும்பியது. ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பேச்சு இதோடு முடிந்தது. அந்த நோயில் மூட்டின் உறையே இறுகிவிடுவதால் அடுத்தவர் அசைத்தாலும் கை வராது, அதிலும் வெளிப்புறத் திருப்பம்தான் முதலில் போகும். இவருக்கு மூட்டு நன்றாக இருக்கிறது, அதை இயக்குகிற ஏதோ ஒன்றுதான் போய்விட்டது.

தானாகத் தூக்கச் சொன்னபோது முன்பக்கமாக ஓரளவு தூக்கினார். பக்கவாட்டில் தோள் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே கை நின்றுவிட்டது, தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து விலகிப் புடைத்தது. அந்த எலும்பை என் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கச் சொன்னால், அதே கை இன்னும் நன்றாக மேலே போனது. சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளச் சொன்னபோது புடைப்பு பெரிதாக இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறம் தள்ளச் சொல்லி நான் தடுத்தபோது, எலும்பின் உள்விளிம்பு சட்டென்று எழும்பியது. சுவரைத் தள்ளும்போது புடைத்தால், தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்துவைக்கும் செரட்டஸ் தசையின் மேல் சந்தேகம் போகும். பக்கவாட்டில் தூக்கும்போது புடைத்தால், கழுத்திலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் விரியும் ட்ரபீசியஸ் தசையின் மேல். இவருக்கு இரண்டாவது.

தோளைக் குலுக்கச் சொன்னால் குலுக்கினார்! பலம் குறைவுதான், ஆனால் தோள் மேலே ஏறியது. ட்ரபீசியஸுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் பரிசோதனையே தோளைக் குலுக்குவதுதான். ஆனால் அதற்கு அடியில் லிவேட்டர் ஸ்கேபுலே என்று ஒரு தசை இருக்கிறது, அதுவும் தோள்பட்டையை மேலே இழுக்கும், அதற்கு வருவது வேறு நரம்பு. எனவே குலுக்கல் மட்டும் பார்த்து "நரம்பு நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் ஏமாந்துபோவோம். முன்பு ஓர் இடத்தில் இவரைக் குலுக்கச் சொல்லிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று குறித்தும் இருக்கிறார்கள்.

தழும்பு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளம். கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசையின் பின்விளிம்பை ஒட்டி, பாதிக்குச் சற்று மேலே இருந்தது.

நரம்பு போகிற வழி

தழும்பின் இடத்தைப் பார்த்ததும் பதில் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது. ஆனால் "கிட்டத்தட்ட" என்று கடிதம் எழுத முடியாது. நரம்பு எந்த இடத்தில் பழுதாகியிருக்கிறது என்பதை உடற்கூறியலை வைத்துப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

மூளை நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. 1778-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் சோமரிங் வகுத்த வரிசையைத்தான் இன்றும் படிக்கிறோம். அதில் பதினோராவதின் பெயர் துணை நரம்பு. மாணவர்கள் அதிகம் கவனிக்காமல் தாண்டிப்போகும் நரம்பு இது என்பது என் எண்ணம். முகத்தை இயக்கும் ஏழாவதுக்கும், வயிறுவரை போகும் பத்தாவதுக்கும் கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை. பெயர்தான் மூளை நரம்பு, தோளை இயக்கும் இழைகள் புறப்படுவது கழுத்துத் தண்டுவடத்தின் மேல் ஐந்து பகுதிகளிலிருந்து. அங்கிருந்து மேலே ஏறி, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியாக உள்ளே போய், ஜுகுலார் துளை வழியாக ஒன்பதாவது, பத்தாவது நரம்புகளோடு சேர்ந்து மறுபடி வெளியே வருகிறது. பிறகு ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசைக்குக் கிளை கொடுத்துவிட்டு, அதன் பின்விளிம்பில் மேல் மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்துக்கு அருகே வெளிப்பட்டு, கழுத்தின் பின்முக்கோணத்தை (ஸ்டெர்னோமாஸ்டாய்டுக்கும் ட்ரபீசியஸுக்கும் இடைப்பட்ட பகுதி) சாய்வாகக் கடந்து, காறை எலும்புக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மேலே ட்ரபீசியஸுக்கு அடியில் புகுந்துவிடுகிறது.

ஆபத்து அந்தப் பின்முக்கோணத்தில் இருக்கிறது. அங்கே நரம்புக்கு மேல் தோல், கொழுப்பு, ஒரு மெல்லிய உறை, அவ்வளவுதான். தசை எதுவும் மூடியிருக்காது. போதாததற்கு, நிணநீர்க் கணுக்களின் (நெறி கட்டும்போது வீங்குவது இவைதான்) வரிசை ஒன்று இதே நரம்பை ஒட்டியே போகிறது. காசநோயில் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுற்றியுள்ள திசுவும் ஒட்டும். அதற்குள் நூல் போன்ற ஒரு நரம்பு மாட்டியிருந்தால், தேர்ந்த கைக்கே சிரமம்.

சரி, இவருக்கு எங்கே போயிருக்கிறது? முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்லித் தாடையைத் தடுத்தேன், வலது ஸ்டெர்னோமாஸ்டாய்டு கயிறுபோல எழுந்து நின்றது (முகத்தை இடப்பக்கம் திருப்புவது வலப்பக்கத் தசை, இதில் குழம்பாதவர் குறைவு). ஆகவே அந்தத் தசைக்குக் கிளை பிரிகிற இடம்வரை நரம்பு உயிரோடு இருக்கிறது. குரல் கரகரக்கவில்லை, விழுங்குவதில் சிரமமில்லை, "ஆ" சொல்லும்போது உள்நாக்கு நடுவில் ஏறியது. ஒன்பதும் பத்தும் நலம், ஜுகுலார் துளையில் பிரச்சினை இல்லை. நாக்கை நேராக நீட்டினார், பன்னிரண்டாவதும் நலம். கடைசியாக வலது காது மடலின் கீழ்ப்பகுதியைப் பஞ்சால் தொட்டபோது மரத்திருப்பதாகச் சொன்னார். அந்தத் தோலுக்கு வரும் நரம்பு, துணை நரம்பு வெளிப்படும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதே பின்விளிம்பைச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. காது மரத்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. பழுது இருக்கும் இடம் இப்போது தழும்புக்கு நேர் கீழே வந்து நின்றது.

எடுத்த முடிவுகள்

சீட்டில் எழுதியிருந்த சிகிச்சையை ஆரம்பிக்கவில்லை. கப்பிக் கயிற்றில் கையை மேலே இழுக்கும் பயிற்சி இறுகிய தோளுக்குச் சரி, தொங்கிய தோளுக்குச் சரியில்லை. தாங்கிப்பிடிக்கும் தசை இல்லாத மூட்டை இழுத்தால் வலி கூடும், தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக்கட்டும் இழுபடும். பதிலாக, உட்காரும்போது முன்கையைத் தலையணைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னோம். வெளியே போனால் கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் தூளி. பெயிண்ட் வாளியை வலது கையில் தூக்கக் கூடாது. மூட்டு இறுகாமலிருக்கப் படுத்தபடி, இடது கையால் வலது கையைத் தூக்குவது மட்டும் தொடர்ந்தது.

அடுத்தது, எலும்பு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியது. சீட்டை மாற்றச் சொல்வது எங்கள் தொழிலில் சங்கடமான வேலை. கண்டதை மட்டும் சொன்னேன்: அடுத்தவர் அசைத்தால் முழு அசைவு, ட்ரபீசியஸ் மெலிவு, பின்முக்கோணத்தில் தழும்பு. அவர் உடனே புரிந்துகொண்டார். அன்று மாலையே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நானும் தனியாக ஒன்று எழுதினேன். அதில் "நரம்பு வெட்டப்பட்டது" என்று எழுதவில்லை. வெட்டுப்பட்டதா, இழுபட்டதா, இரத்தக் கசிவை நிறுத்த வைத்த சூட்டில் கருகியதா, தழும்புக்குள் சிக்கியதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நோயாளியின் அண்ணன் "அந்த டாக்டர்மேல கேஸ் போடலாமா மேடம்?" என்று கேட்டார். முதலில் கை, மற்றது பிறகு என்றேன், அதோடு அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி வைக்கவும் சொன்னேன். கிடைத்தது ஒரே பக்கம், அதில் நரம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நரம்பு இழந்த தசை என்றைக்கும் காத்திருக்காது, மாதங்கள் போகப்போக நார்த்திசுவாக மாறிவிடும். தைக்கப்பட்ட நரம்பு வளர்வதோ நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அறுந்த நரம்பை முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரிசெய்தால் பலன் நன்றாக இருக்கும், ஓராண்டு கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும், பிறகு தசைகளை இடம் மாற்றித் தைப்பது போன்ற வழிகள்தான். இழுபட்ட நரம்பு என்றால் தானே திரும்பும், அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் பத்து வாரத்தில் துளியும் முன்னேற்றமில்லாமல், தசையும் கண்ணுக்குத் தெரிய மெலிந்திருக்கும்போது பொறுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மாத்திரை விவகாரம்

இதற்குத் தனித் தலைப்பு தேவைப்படுகிறது. ஏனென்றால் கையைவிடப் பெரிய விபரீதம் இங்கேதான் நடக்கவிருந்தது. "இந்த டி.பி. மாத்திரைதான் கையை முடக்குது" என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம்.

அவர்கள் சந்தேகத்தில் ஓர் உண்மைத் துளியும் இருந்தது, அதனால் "அதெல்லாம் இல்லை" என்று தட்டிவிட முடியவில்லை. ஐசோனியசிட் நரம்பைப் பாதிக்கக்கூடிய மருந்துதான், அதற்காகத்தான் கூடவே பி6 மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆனால் அது வந்தால் இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மதமதப்பு என்று ஒரேபோல ஆரம்பிக்கும். ஒரே ஒரு தோளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொங்கவிடாது. கண்ணாடி முன்னால் அவர் முதுகை அவருக்கே காட்டி, தழும்பையும் நரம்பு போகும் வழியையும் பேனாவால் வரைந்து விளக்கினேன். சுகாதார நிலையத்தின் டி.பி. பணியாளரும் வீட்டுக்குப் போய்ப் பேசினார். மாத்திரை ஒரு நாளும் நிற்கவில்லை.

பரிசோதனைகளும் அறுவை சிகிச்சையும்

ஊசி செலுத்தித் தசையின் மின்செயலைப் பார்க்கும் ஈ.எம்.ஜி பரிசோதனையில், ட்ரபீசியஸின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் நரம்புத் தொடர்பை முற்றிலும் இழந்திருந்தன. மேல்பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அலைகள். கழுத்தின் மூன்றாவது, நான்காவது நரம்புகளிலிருந்தும் சிலருக்கு இத்தசைக்கு இயக்க இழைகள் வருவதுண்டு, அதனால் இருக்கலாம் என்றார்கள். ஸ்டெர்னோமாஸ்டாய்டு நார்மல். கழுத்து அல்ட்ராசவுண்டில் நரம்பின் தொடர்ச்சி ஓரிடத்தில் விட்டுப்போய், மேல்முனை உருண்டு தடித்திருப்பது தெரிந்தது.

கட்டி எடுத்த நான்காவது மாதத்தில் கழுத்தைத் திறந்தார்கள். நரம்பு முழுதாகவே அறுபட்டிருந்தது. முனைகளைச் சுத்தம் செய்தபின் நேராக இழுத்துத் தைக்க முடியாத இடைவெளி. காலின் பின்புறத்திலிருந்து உணர்வு நரம்பின் ஒரு துண்டை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் இடையில் வைத்துத் தைத்தார்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் மரப்பு இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இருக்கிறது.

அதன் பிறகு

சுமார் மூன்று வாரம் கழுத்தையும் தோளையும் அசையாமல் வைத்திருந்தோம். அப்புறம் நீண்ட, அலுப்பான மாதங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் எதுவும் இல்லாத காலத்தில் நோயாளியை வரவைப்பதுதான் பெரிய வேலை. பெயிண்ட் வேலையில் ஒருநாள் கூலி போனால் போனதுதான், எங்களிடம் வருவதற்கு பஸ் செலவு வேறு. வாரம் ஒருமுறை மட்டும் வரட்டும், மற்றதை வீட்டில் செய்யட்டும், அண்ணன் போனில் வீடியோ எடுத்து அனுப்பட்டும் என்று மாற்றினோம்.

ஆறாவது மாதவாக்கில் விரலை வைத்துப் பார்த்தால் மேல் ட்ரபீசியஸில் ஒரு துடிப்பு தட்டியது. வலி அதற்கு முன்பே நன்றாகக் குறைந்திருந்தது. ஒன்றரை ஆண்டு முடிவில் பக்கவாட்டில் கை தோள் மட்டத்தைத் தாண்டி நன்றாகவே மேலே போகிறது, ஆனால் இடது கை அளவுக்கு இல்லை. தோள் இன்னும் லேசாகச் சரிந்திருக்கிறது, கீழ்ப்பகுதித் தசை முழுதாகத் திரும்பவில்லை. சுவர் அடிக்கிறார். சீலிங் வேலையை நாள் முழுக்கச் செய்ய முடிவதில்லை, அதைக் கூட வருகிறவரிடம் விட்டுவிடுகிறார். காசநோய் சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டார். வழக்கு போடவில்லை, அது அவர்களாக எடுத்த முடிவு.

என்ன மாற வேண்டும்

முதல் கேள்வி, இந்தக் கட்டியை முழுதாக எடுத்திருக்க வேண்டுமா என்பது. காசநோய் சந்தேகமுள்ள நெறிகட்டியில் மெல்லிய ஊசியால் உறிஞ்சி, அதை நுண்ணோக்கியிலும் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியிலும் பார்த்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடுகிறது. எப்போதும் கிடைக்காது. நிணநீர்ப் புற்று சந்தேகம் இருந்தால் கட்டியை முழுதாகவோ பெரிய துண்டாகவோ எடுப்பதுதான் முறை. இவருக்கு ஊசிப் பரிசோதனை செய்யவே இல்லை, ஏன் என்று எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கையெழுத்து வாங்கும் தாளில் "தோள் பலவீனம் வரலாம்" என்ற வரி இருந்திருக்க வேண்டும். அது இருந்திருந்தால் வலி வந்த வாரமே அவர் சரியான இடத்துக்குத் திரும்பிப் போயிருப்பார்.

எங்கள் மையத்தில் தோள் வலிக்கான படிவத்தில் "கழுத்தில் எப்போதாவது கட்டி எடுத்தீர்களா, ஊசி, தையல் உண்டா?" என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். சட்டையைக் கழற்றாமல் தோளைப் பார்ப்பதில்லை. பெண்களுக்கு முதுகு திறக்கும் அங்கியும் பெண் பணியாளரும் உண்டு. பயிற்சி மாணவர்களிடம் குலுக்கலோடு நிறுத்தாமல் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, பின்னால் நின்று பார்க்கச் சொல்கிறோம்.

கட்டி எடுக்கும் மருத்துவமனைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தையல் பிரிக்க வருகிற நாளில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். கருவி வேண்டாம், காசு வேண்டாம், அரை நிமிடம் போதும். இவருக்கு அன்றைக்கே கை பாதியில் நின்றிருக்கும், எம்.ஆர்.ஐ செலவு மிஞ்சியிருக்கும், நரம்புத் தையலும் இரண்டு மாதமாவது முன்னால் நடந்திருக்கும்.